சார் எழுந்து நின்றார்

அத்தியாயம் 14

"அம்மா, மேட்ச் பத்து மணிக்குத்தான்னு அப்பாட்ட சொல்லிருங்க."

"சொல்லிட்டா," என்றாள் இன்பம், தோசைக்கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"எனக்கும் லெட்டர் வந்திருக்குன்னு அவகிட்டச் சொல்லு."

"சொல்லிட்டாரு."

ஒரே மேஜை. ஒரே சட்னிக் கிண்ணம். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஒன்றரை அடி தூரம். பேச்சு மட்டும் அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்தது.

"நான் என்ன ரெஃப்ரியா? எனக்கு ஒரு விசிலாவது வாங்கிக் குடுங்க," என்று தோசையைத் தட்டில் போட்டாள் இன்பம். "மூணு நாளாச்சு. பக்கத்து வீட்டுல துக்கம் விசாரிக்க வந்திருவாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நின்ற பேச்சு அது. மகள் எலினா அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கலைக் கல்லூரியில் இரண்டு வருடமாகத் தற்காலிக கோச் வேலை. பையன்கள் அணிக்கு ஒரு பெண் கோச். செயலாளர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: மண்டலக் கோப்பையோடு வந்தால் நிரந்தர ஆர்டர். வராவிட்டால் இந்த வருடத்தோடு கூடைப்பந்து வேண்டாம், யோகா டீச்சர் ஒருவரைப் போட்டுக்கொள்கிறோம்.

அதைக் கேட்டுவிட்டுப் பால்துரை ஒரே வரி சொன்னார்.

"தோத்துட்டு வா. நல்லதுதான்."

முப்பத்தொரு வருடமாக ராஜபாளையம் கல்லூரியின் கூடைப்பந்து கோச். தென்மாவட்டத்தில் பந்து தட்டும் பாதிப் பேருக்கு 'சார்' என்றால் அவர்தான். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை. எலினா எழுந்து போனவள்தான்.

மறுநாளே அரையிறுதி முடிவுகள் வந்தன. இறுதிப் போட்டியில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். ஒரு பெஞ்சில் அப்பா. எதிர்ப் பெஞ்சில் மகள்.

"முழங்கால் மாத்திரை போட்டீகளா?" என்று கேட்டாள் இன்பம்.

"போட்டாச்சு."

"ஜெயிச்சா வருவீகளா, தோத்தா வருவீகளா?"

"சாப்பாட்டுக்கு வருவேன்," என்றார் பால்துரை.

*

ஆட்டம் ராஜபாளையம் கல்லூரி மைதானத்தில். எலினா தன் கல்லூரி வேனில் போனாள். பால்துரை பஸ்ஸில்.

எதிரணி வேனில் அவர் ஏற முடியாது. ஸ்கூட்டரை முழங்கால் ஒரு வருடத்துக்கு முன்பே விடச் சொல்லிவிட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். மேற்கே மலையில் மேகம் தொங்கியது. மழை வருமா என்று பார்ப்பது பழக்கம். வந்தால் சிமெண்ட் மைதானத்தில் தண்ணீர் தேங்கும். சாக்கைப் போட்டுத் துடைக்க வேண்டும். யார் துடைப்பது? இவர்தான்.

முப்பதாம் தேதி வரைக்கும் இவர்தான். அதற்கு இன்னும் பதினோரு நாள். அன்றைக்குப் பிரிவுபசார விழா. முப்பத்தொரு வருடத்துப் பையன்களும் வருகிறார்களாம். மைதானத்துக்கே அவர் பெயரை வைப்பதாகப் பேச்சு. பெயர்ப்பலகை ஏற்கெனவே வந்து, சாக்குச் சுற்றி அவர் அறையிலேயே சுவரோரம் நிற்கிறது.

"சார், உக்காருங்க உக்காருங்க, டிக்கெட் நான் போடுதேன்," என்றார் கண்டக்டர். தொண்ணூற்று ஒன்பதாம் வருட அணியின் இடது கைப் பையன் அவர். பெயர் நினைவுக்கு வரவில்லை. பால்துரை சிரித்து வைத்தார்.

*

மைதானத்துக்குள் அவர் காலை வைத்ததும் மேஜையில் இருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள்.

ஸ்கோர் எழுதுகிறவர் அவர் மாணவர். கடிகாரம் பார்க்கிற மாரீஸ்வரன் அவர் மாணவன். இப்போது கூமாப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். விசிலோடு நின்ற நடுவர் விஜயபாண்டியும் அவர் மாணவன்தான். யாரும் சொல்லி வைத்துச் செய்வதில்லை. சார் நின்றால் நிற்பது. சார் உட்கார்ந்தால் உட்காருவது. பதினெட்டு வயதில் உடம்புக்குள் போனது, நாற்பது வயதிலும் வெளியே வரவில்லை.

"உக்காருங்கப்பா," என்று கையைக் காட்டினார்.

எழுந்திருக்காத ஆள் ஒருவர் உண்டு. பல்கலைக்கழகப் பார்வையாளர் தங்கப்பாண்டியன். திருநெல்வேலிக்காரர். அவர் யாருக்கும் மாணவர் இல்லை.

பத்து மணிக்குப் பந்து மேலே போனது.

பால்துரை பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த ஒரு வருடமாக ஆட்டம் முடியும்வரை எழுவதில்லை. நாற்பது நிமிடமும் குரல் மட்டும்தான்.

"குடி! ஏலே, குடி!"

தங்கப்பாண்டியன் திடுக்கிட்டு மேஜைப் பக்கம் சாய்ந்தார். "என்னவே இது? காலம்பறயே பயலுவள குடிக்கச் சொல்லுதாரு?"

"தெலுங்கு சார்," என்றார் ஸ்கோர் எழுதுகிறவர் சிரிப்பை அடக்கி. "குடின்னா வலது பக்கம். எடமன்னா இடது பக்கம். மொத வருசத்து டீம்ல பாதிப் பேரு வீட்டுல தெலுங்கு. வெளியூர்க்காரனுக்குப் புரியக் கூடாதுன்னு சார் அதையே பிடிச்சிக்கிட்டாரு."

"இப்பவும் புரியாதோ?"

"இப்ப எல்லாருக்கும் புரியும் சார். எல்லாரும் அவர்ட்ட படிச்சவங்கதான."

புரிந்தது. பால்துரை 'குடி' என்று வாயை எடுக்கும்போதே எலினாவின் பையன்கள் வலது பக்கத்தை அடைத்து நின்றார்கள். அவள் ஐந்து வயதிலிருந்து அந்த மைதானத்தின் ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதியவள்.

பாதி ஆட்டத்தில் முப்பது, இருபத்தெட்டு. முக்கால் ஆட்டத்தில் நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து. வெயில் சிமெண்டிலிருந்து எழும்பிக் காலைச் சுட்டது.

மகள் நிற்பதை எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தார் பால்துரை. உட்காரவே இல்லை. கோட்டோரமாக இங்கும் அங்கும் நடந்தாள். தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு பையன் சறுக்கி விழுந்தபோது இவளுடைய முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. அவருக்கு அந்த நடை தெரியும். அந்த முழங்காலும் தெரியும்.

கடைசி நிமிடம். எலினாவின் அணித் தலைவன் சூர்யபிரகாஷ் இரண்டு பேரைத் தாண்டிப் போட்ட பந்து வளையத்தில் சுற்றி உள்ளே விழுந்தது.

அறுபத்தொன்று, அறுபது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு புள்ளி முன்னால்.

பலகையில் இன்னும் மூன்று நொடி.

ராஜபாளையம் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிய வேண்டும். பந்து உள்ளே இருக்கிற ஆட்டக்காரன் கையைத் தொட்டதும் மாரீஸ்வரன் பொத்தானை அமுக்குவான். மூன்று நொடியில் ஒரு பையன் பந்தை வாங்கலாம், ஒரு தடவை தட்டலாம். அவ்வளவுதான். எலினா பலகையைப் பார்த்தாள். மூன்று நொடிக்கு அந்தப் பக்கம் நிரந்தர ஆர்டர் இருந்தது.

பந்து எறியப்பட்டது.

பால்துரை எழுந்து நின்றார்.

மேஜையும் எழுந்தது. ஸ்கோர் எழுதுகிறவரும். மாரீஸ்வரனும். அவன் விரல் பொத்தானைவிட்டு ஒரு சாண் மேலே இருந்தது.

ராஜபாளையத்தின் பதினொன்றாம் எண் பையன் பந்தை வாங்கினான். தட்டினான். ஒருவனை ஏமாற்றினான். மறுபடி தட்டினான். குதித்தான்.

பலகையில் இன்னும் மூன்று.

மாரீஸ்வரன் தொப்பென்று உட்கார்ந்து அமுக்கினான். பந்து அப்போது காற்றில் இருந்தது. வளையத்துக்குள் இறங்கியது. அதற்குப் பிறகுதான் கடிகாரம் ஓடி முடிந்து சைரன் ஊதியது.

அறுபத்திரண்டு, அறுபத்தொன்று.

கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. எல்லோரும் பந்தைத்தான் பார்த்திருந்தார்கள். நடுவர் பந்தைப் பார்த்தார். பார்வையாளர் பந்தைப் பார்த்தார். செல்போன்கள் அத்தனையும் பந்தைப் பார்த்தன.

எலினா மட்டும் பலகையைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் எண்ணிக்கை ஐந்தில் நின்றது.

*

"சூர்யா, இங்க வா. கையெழுத்துப் போடு."

"எங்க மேம்?" அவன் முகம் அழுது வீங்கியிருந்தது.

"ஸ்கோர் ஷீட்டுக்குக் கீழ. ஆட்சேபம்னா கேப்டன் போடுற எடம். பதினஞ்சு நிமிசத்துக்குள்ள போடணும்."

"யாரு மேல மேம் ஆட்சேபம்?"

"கடிகாரத்து மேல."

விஜயபாண்டி விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார். "எலினா, யோசிச்சுச் செய்ம்மா. சாரோட கடைசி மேட்ச்."

"எனக்கும்தான் அண்ணே கடைசி மேட்ச்."

தங்கப்பாண்டியன் தாளை வாங்கிப் படித்தார். "கடிகாரம் பிந்தி ஓடுச்சுங்கியளா? சாட்சி?"

"டைம் கீப்பரைக் கேளுங்க சார்."

மாரீஸ்வரன் தரையைப் பார்த்தான். "சரியாத்தான் சார் அமுக்கினேன்."

"அரை மணி நேரம் கழிச்சு கோச் ரூம்ல உக்காந்து பேசுவோம்," என்றார் தங்கப்பாண்டியன். "அதுக்குள்ள வேற சாட்சி இருந்தா கூட்டியாங்க. இல்லன்னா இந்தத் தாள மடிச்சுப் பையில வச்சிருவேன்."

மாரீஸ்வரனைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பிடித்தாள் எலினா. முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். கழுவி முடிந்த முகத்தையே மறுபடி கழுவினான்.

"அண்ணே."

"சார் எந்திரிச்சாரு. நானும் எந்திரிச்சிட்டேன்." "எனக்கே தெரியலம்மா. கால் தன்னால நிமிந்திருச்சு."

"இத தங்கப்பாண்டியன் சார்ட்ட சொல்லுங்கண்ணே."

"என்னன்னு சொல்ல? எங்க சாரால தப்பு நடந்துச்சுன்னா? எனக்கு வேலைக்கு அப்ளிகேசன் எழுதிக் குடுத்ததே சார்தான். மேட்சுல உக்கார்றதுக்கான என் பேனல் கார்டைப் பிடுங்கினாலும் பிடுங்கிட்டுப் போகட்டும். சார் பேரை என் வாயால இழுக்க மாட்டேன்."

"அப்ப நான்?"

மாரீஸ்வரன் முகத்தைத் துடைத்தான். குழாயை மூடினான். மறுபடி திறந்தான்.

*

பால்துரை ஸ்டோர் ரூம் படியில் இருந்தார். பின்னால் காற்றுப்போன பந்துகள், சுண்ணாம்பு மூட்டை, கிழிந்த வலைகள். மைதானத்தில் பையன்கள் கோப்பை இல்லாமலே கோப்பையைத் தூக்குவதுபோல ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை.

எலினா எதிரே வந்து நின்றாள். மூன்று நாள் கழித்து நேரடியாக முதல் வார்த்தை.

"அப்பா."

நிமிர்ந்தார்.

"ஒரு வருசமா எந்த மேட்சுலயும் நீங்க எந்திரிச்சதில்ல."

"ம்."

"நீங்க எந்திரிச்சா அம்புட்டுப் பேரும் எந்திரிப்பாங்க. அது உங்களுக்குத் தெரியும்."

முழங்காலைத் தடவினார்.

"தெரிஞ்சுதான எந்திரிச்சீக?"

இல்லை என்று சொல்வார் என்றுதான் வந்தாள். கோபப்படுவார், கால் மரத்துப் போனது என்பார், பையன்களை உற்சாகப்படுத்த எழுந்தேன் என்பார். அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தாள்.

"ஆமா," என்றார் பால்துரை.

எலினாவுக்குக் கையில் இருந்த தண்ணீர் பாட்டில் கனத்தது.

"கப்புக்காகவா?"

"கப்பா? அந்த பீரோவுல கெடக்கிற கப்பத் தொடைக்கவே ஆளக் காணோம்."

"பொறவு எதுக்கு?"

"நீ இதுக்குள்ள வரக் கூடாதுன்னு." அவர் குரலில் சத்தமே இல்லை. காலையிலிருந்து கத்திக் கத்தி அது தேய்ந்திருந்தது. "முப்பத்தோரு வருசம், ஏட்டி. நீ பொறந்தப்ப நான் நாகர்கோவில்ல செமி ஃபைனல்ல நின்னேன். மூணு நாள் கழிச்சுத்தான் உன் மொகத்தப் பாத்தேன். உங்க அம்மாவுக்கு ஆபரேசன் அன்னிக்கி இந்தா இந்த மைதானத்துல தண்ணி அள்ளிட்டிருந்தேன். ஜெயிச்சா பயக ஜெயிச்சாங்க, தோத்தா கோச் தோத்தான். தூக்கத்துல விசில் கேக்கு. வருசம் வருசம் நல்லா வெளையாடுற அஞ்சு பேரு போயிருவான், ஒண்ணும் தெரியாத அஞ்சு பேரு வருவான். மறுபடியும் பந்தை எப்படிப் பிடிக்கன்னு மொதல்லேர்ந்து. அலுத்துப் போச்சு. உனக்கும் அலுக்கும். அப்ப உனக்கு அம்பத்தஞ்சு வயசாயிருக்கும், திரும்ப முடியாது."

"எனக்குப் பிடிச்சிருக்குப்பா."

"எனக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. அதான் பயமா இருக்கு."

மைதானத்தில் யாரோ மேளம்போல நாற்காலியைத் தட்டினார்கள்.

"வேணாம்னா நான் விட்டுட்டுப் போவேன்," என்றாள் எலினா மெதுவாக. "என் கையில இருக்கிறத நீங்க தட்டி விடக் கூடாது. பின்னாடியிருந்து வந்து தட்டினா அது ஃபவுல். நீங்கதான் சொல்லிக் குடுத்தீக."

அவர் கை மறுபடி முழங்காலைத் தடவியது.

"சரி, என்னை விடுங்க. சூர்யபிரகாஷ் உங்களுக்கு என்ன செஞ்சான்? தேவதானத்துலேருந்து முத பஸ்ஸப் பிடிச்சு ஆறு மணிக்கு வந்து நிப்பான். பன்னெண்டு பயலுகளும் அந்த வேனுக்குள்ள உக்காந்து அழுதிட்டிருக்கானுக. அவங்களும் இதுக்குள்ள வரக் கூடாதுன்னா எந்திரிச்சீக?"

பால்துரையின் கை முழங்காலில் அப்படியே நின்றது.

அவர் அந்தப் பன்னிரண்டு பேரை நினைக்கவே இல்லை. பந்து எறியப்பட்ட அந்தக் கணத்தில் மைதானத்தில் அவருக்கு ஒரே ஒருத்திதான் தெரிந்தாள். எதிரணிப் பையன் விழுந்தாலும் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்திய மனிதர். பன்னிரண்டு பையன்களை மறந்திருந்தார்.

"உள்ள வந்து சொல்லுங்க," என்றாள் எலினா. "நீங்க சொன்னாத்தான் உண்டு. மாரீஸ்வரன் அண்ணன் உயிர் போனாலும் சொல்ல மாட்டாரு."

"சொன்னா கப் உனக்கு வந்திரும்னு நினைக்கியா? திரும்ப ஆடச் சொல்வான். இல்ல, யாருக்கும் இல்லன்னுவான்."

"திரும்ப ஆடுவோம்."

"தோத்துட்டா?"

"தோத்தா, யோகா டீச்சருக்கு சாவியக் குடுத்துட்டு வீட்டுக்கு வாரேன். ஆனா நானாத் தோத்து வாரேன்."

மகளின் முகத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் கை கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

*

கோச் அறை. தங்கப்பாண்டியன் மேஜைக்குப் பின்னால், பேனாவைத் திறந்து வைத்திருந்தார். விஜயபாண்டி ஜன்னலோரம். மாரீஸ்வரன் சுவரோடு ஒட்டி. அவன் தோளுக்குப் பக்கத்தில் சாக்குச் சுற்றிய பெயர்ப்பலகை.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. செய்தி எப்படியோ கசிந்திருந்தது. ராஜபாளையம் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். வேனிலிருந்து இறங்கி வந்த எலினாவின் பையன்கள் அவர்களுக்குப் பின்னால். ஒரே வியர்வை. சட்டை நிறம் மட்டும்தான் வேறு.

"வாங்க சார், உக்காருங்க," என்றார் தங்கப்பாண்டியன். "டைம் கீப்பர் சரியா அமுக்கினேங்காரு. நடுவர் கவனிக்கலங்காரு. வீடியோவுல ஒண்ணும் தெரியல. உங்க மக மட்டும்தான் சொல்லுதாவ. நீங்க ஏதும் பாத்தியளா?"

பால்துரை உட்காரவில்லை. வாசலைப் பார்த்தார். பதினொன்றாம் எண் பையன் முன்னால் நின்றான். ஜெயித்த சிரிப்பு இன்னும் அவன் முகத்தில் மிச்சம் இருந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றார். "மொதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க."

விஜயபாண்டி சட்டென்று நகர்ந்து கதவில் கை வைத்தார்.

அதற்கு முன்னால் எலினாவின் கால் நிலைப்படியில் இருந்தது.

"சாத்தாதீங்கண்ணே."

"எலினா, சார் சொல்லுதாரு."

"எம் பசங்க நிக்காங்க. அவரு பசங்களும் நிக்காங்க. எல்லாரும்தான் ஆடினாங்க." அவள் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "தெறந்தே இருக்கட்டும்."

சுவரோரம் நின்ற மாரீஸ்வரன் பால்துரையைப் பார்த்து, யாரும் காணாத அளவுக்குத் தலையை அசைத்தான். வேண்டாம் சார்.

பால்துரை அவனைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். தங்கப்பாண்டியன் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கிடுங்க," என்றார்.